ஆறடிக்கு எட்டடி

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கப்போகும் என் வயதுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இளசுகளுக்கு இதில் ஒன்றும் இல்லை. அவர்கள் கேரவன் என்கிறார்கள், கேம்பிங் என்கிறார்கள். வண்டிக்குள்ளேயே கட்டில், அடுப்பு, விளக்கு எல்லாம் வைத்துக்கொண்டு மலைமேல் போய் இரண்டு நாள் இருந்துவிட்டுப் படம் எடுத்துப் போடுகிறார்கள். போன மாதம் கரியாலூர் அருவிப் பக்கம் அப்படி ஒன்று நிற்பதைப் பார்த்தேன். வெள்ளை நிறம், பக்கவாட்டில் மடக்குக் கூரை. என் வீட்டுக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "ஒங்கப்பா அந்தக் காலத்துலயே செஞ்சாரே" என்றார். ஆமாம், செய்தார். ஆனால் அந்த வண்டியைப் பற்றி இத்தனை வருஷமாக நான் சொல்லிக்கொண்டு வந்ததில் பாதி பொய். சுமந்து சுமந்து அலுத்துவிட்டது. இப்போது உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

இட ஒதுக்கீடு கேட்டு நம் பக்கத்து ரோடுகளில் எல்லாம் மரத்தை வெட்டிப் போட்டார்களே, அந்த வருஷம். உங்களுக்கு நினைவிருக்கும். எனக்குப் பதினோரு வயது. கள்ளக்குறிச்சியில் சேலம் ரோட்டோரம் அப்பாவுக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. அம்மா நர்ஸ். கல்வராயன் மலையில், கரியாலூரில் இறங்கி ஜீப் தடத்தில் இன்னும் நாலு மைல் போக வேண்டிய ஒரு சிற்றூருக்கு அவளை மாற்றியிருந்தார்கள். மூன்று வருஷம் அங்கே இருந்தால்தான் கீழே வர முடியும். நர்ஸ் தங்க ஒரு வீடு என்று காகிதத்தில் இருந்தது. போய்ப் பார்த்தால் கூரை இல்லாத நாலு சுவரும் அதற்குள் ஒரு கொய்யா மரமும்.

சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வருவாள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி படுக்கப் போகும் முன் அவளுடைய செருப்பில் ஒன்றை எடுத்து ஒளித்து வைப்பேன். அரிசிப் பானைக்குள், தையல் மெஷினுக்கு அடியில், ஒரு தடவை கோழிக் கூண்டில். காலையில் அவள் தேட மாட்டாள். இன்னொரு ஜோடியைப் போட்டுக்கொண்டு போய்விடுவாள். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கும்.

"வாரம் பூரா எங்க படுக்கற?" என்று அப்பா கேட்டதற்கு, "ஸ்கூல்லதான். வாத்தியார் சாவி குடுத்துட்டுப் போறாரு" என்றாள் அம்மா. இதைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பாவுக்குத் திருப்தி இல்லை. பெரியப்பா அப்பாவின் ஒரே அண்ணன். களமருதூர் பக்கம் இருந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் வாரத்தில் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் இருப்பார். தாத்தா போன பிறகு எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அவர் வாயிலிருந்து வர வேண்டும். அம்மா அவர் முன்னால் உட்கார மாட்டாள்.

"ஸ்கூலு ஒரு வூடாடா? கதவு கீதா, தாப்பா கீதா?" என்றார். "அதுக்குன்னு மலைக்காரங்க வூட்ல போய்ப் படுத்துடப் போறா. நம்ம வூட்டுப் பொம்பள அங்கெல்லாம் கை நனைக்கக் கூடாது. சொல்லிட்டேன். பேசாம வேலைய வுட்டுட்டு வரச் சொல்லு."

அம்மா சமையலறை வாசலில் நின்றபடி, சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "வேலைய வுட மாட்டேன். வேணும்னா எம்பொண்ண என்கூட அனுப்புங்க. அங்க எட்டாவது வரிக்கும் ஸ்கூலு கீது."

"எங்க படுக்க வெப்ப அவள? பெஞ்சி மேலயா?"

இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அப்பா அந்த வண்டியைச் செய்ய ஆரம்பித்தார். இரண்டு படுக்கை போட்ட வண்டி. ஒன்று அம்மாவுக்கு, ஒன்று எனக்கு. வண்டி மேலே போய்ச் சேர்ந்தால் நான் அம்மாவோடு இருக்கலாம். சேராவிட்டால் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டியதுதான். எனக்கு அந்த வருஷம் வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. ரோட்டில் ஊர்வலம் போனதோ, பெரியப்பா குரல் கம்மக் கம்மக் கூட்டங்களுக்குப் போய் வந்ததோ கூட.

ஏதோ இலாகாவில் சிமெண்ட் மூட்டை ஏற்றிப் பழசாகி ஏலத்துக்கு வந்த ஜீப் டிரெய்லர் அது. நாலடி அகலம், ஆறடி நீளம், இரண்டு சக்கரம். பட்டறைக்குப் பின்னால் கிடந்து அதன் தளத்து ஓட்டை வழியாக ஒரு எருக்கஞ்செடி வளர்ந்து பூத்திருந்தது. அப்பா முதலில் அதைத்தான் வெட்டினார். பிறகு அச்சைக் கழற்றி, வில்பட்டைகளை அச்சுக்கு மேலே ஏற்றி மாட்டினார். வண்டி ஒரு சாண் உயர்ந்தது. கல்லும் பள்ளமுமான தடத்தில் அடி தட்டாமல் போக வேண்டுமாம். பல்லு பல்லாக ரப்பர் வைத்த இரண்டு பழைய ஜீப் டயர்களைத் தேடிப் பிடித்தார். கூண்டுக்கு ஆங்கிள் இரும்பு. சுவருக்குத் தார் டின்களை வெட்டித் தட்டி நிமிர்த்திய தகடு. வெயில் ஏறினால் அந்தத் தகட்டிலிருந்து தார் வாசனை வரும். எனக்கு அந்த வாசனை இன்றைக்கும் பிடிக்கும். ரோடு போடும் இடத்தில் நின்று மூச்சை இழுப்பேன், என் மகன் சிரிப்பான்.

உடைசலுக்குப் போன ஒரு டவுன் பஸ்ஸிலிருந்து கண்ணாடியோடு ஒரு ஜன்னலை அறுத்து வந்தார். இரண்டு காதையும் நெருக்கிப் பிடித்து மேலே தள்ளினால் ஏறும் ஜன்னல். கண்ணாடியில் 'கரம் சிரம்' என்பது வரைக்கும் எழுத்து மிச்சம் இருந்தது. அது என் படுக்கைப் பக்கம் வர வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். ராத்திரியில் அப்பா வெல்டிங் வெளிச்சம் பட்ட கண்ணில் உருளைக்கிழங்கு வில்லைகளை வைத்துக்கொண்டு படுத்திருப்பார். "இன்னும் எத்தினி நாளுப்பா?" என்று தினம் கேட்பேன். வில்லையை எடுக்காமலே, "ஆவும், ஆவும்" என்பார்.

அப்பாவின் திட்டம் ஐந்தடி அகலம், ஏழடி நீளம். அவர் அதைச் சும்மா முடிவு செய்யவில்லை. அம்மாவிடமிருந்து ஒரு இன்லாண்டு லெட்டர் வந்திருந்தது. கரியாலூரைத் தாண்டி ஒரு இடத்தில் தடம் இரண்டு பாறைக்கு நடுவே போகும். ஜீப்பே கண்ணாடியை மடக்கிக்கொண்டுதான் நுழையும். அம்மா, குழந்தைகளின் தலைச் சுற்றளவு பார்க்கும் டேப்பால் அந்தச் சந்தை அளந்து எழுதியிருந்தாள். "பாறைக்கு நடுவில் அஞ்சே முக்கால் அடி. வண்டி அதற்குள் இருக்கட்டும்." அப்பாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கூண்டு ஏறப்போகிற அன்று பெரியப்பா பட்டறைக்கு வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். அதை அவர் வண்டியாகப் பார்க்கவில்லை.

"உள்கூடு இன்னா அளவு?"

"அஞ்சுக்கு ஏழுண்ணா."

பெரியப்பா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். வீடு கட்டுகிறவர்கள் மனையடி பார்க்காமல் கடைக்கால் போடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அறையின் உள்ளளவு இத்தனை அடி என்றால் நல்லது, இத்தனை என்றால் கெட்டது. எங்கள் குடும்பத்தில் அதற்கு மறுபேச்சு கிடையாது. மாட்டுக் கொட்டகைக்குக்கூடப் பார்த்தார்கள்.

"அஞ்சுக்குக் கணக்கே கெடையாதுடா, ஆறுலதான் ஆரம்பமே. ஏழு தரித்திரம். பச்சப்புள்ளய ஏழடியிலயா படுக்க வெப்ப? ஆறுக்கு எட்டு போடு."

"அண்ணா, வண்டிதானே இது."

"ஒருத்தர் படுத்து எழுந்தா அது வூடு. சக்கரம் கீதுன்னா வூடு இல்லன்னு ஆயிடுமா?"

"இல்லண்ணா, மேல ரோடு வந்து..."

"ரோடு கெடக்குது. வூடு நல்லா இருக்கணும். வாசல கிழக்க பாத்து வெய்யி."

"வண்டி திரும்புமேண்ணா."

"நிக்கிற எடத்துல கிழக்க பாத்து நிறுத்து. இதக்கூட நான் சொல்லணுமா?"

அப்பா சட்டைப் பையைத் தொட்டார். லெட்டரை எடுக்கவில்லை. டேப்பின் இன்னொரு முனை என் கையில் இருந்தது. என் வாயிலும் அந்த வார்த்தை இருந்தது: அஞ்சே முக்கால். நான் சொல்லவில்லை. சொன்னால் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் பேச்சு வளரும், வேலை நிற்கும், அம்மாவிடம் போவது தள்ளிப்போகும் என்று என் கணக்கு. பதினோரு வயதுக் கணக்கு. அப்பாவின் கணக்கு என்ன என்று எனக்கு அப்போது தெரியாது. பிற்பாடு ஒரு தடவை கேட்டபோது, "கடப்பாரையால ரெண்டு தட்டு தட்டுனா பாறை வுழுந்துடும்னு நெனச்சேன்" என்றார். இரும்போடு வாழ்ந்தவர் கல்லைப் பற்றி அவ்வளவு லேசாக நினைத்திருக்க மாட்டார். அண்ணன் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல முடியாத மனுஷன், அவ்வளவுதான்.

உள்ளே ஆறுக்கு எட்டு. தகடும் இரும்பும் சேர்ந்து வெளியே ஆறேகால். சக்கரத்துக்கு மேலே இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு, பச்சை பெயிண்ட் அடித்து, பின்பக்கம் வாசலோடு அது நின்றது. பட்டறையில் வைத்தே பால் காய்ச்சினோம். பெரியப்பா வண்டியைக் கிழக்கே திருப்பி நிறுத்தச் சொல்லி, கற்பூரம் காட்டி, வாசல் படியில் எலுமிச்சம்பழம் வைத்தார். என் தலையில் கை வைத்து, "படிச்சுப் பெரிய உத்தியோகத்துக்குப் போவணும். அதுக்குத்தான்டா நாங்க ரோட்ல நிக்கிறோம்" என்றார். கண் கலங்கியிருந்தது. இதையும் நான் சொல்லியாக வேண்டும். அவரை வில்லனாக்கிவிட்டுப் போவது எனக்குச் சுலபம், ஆனால் அது நியாயம் இல்லை.

மறியல் ஆரம்பிக்கும் என்று சொல்லியிருந்த நாளுக்கு முந்தின நாள் விடியற்காலை ஒரு வாடகை ஜீப்பில் வண்டியை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். ஜீப்காரர், அப்பா, நான். என் புத்தகப் பை, துணி மூட்டை, ஒரு புது ஸ்டவ். மலையேறும்போது நான் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவுகளில் வண்டி கர்ப்பிணி மாதிரி மெதுவாக அசைந்து அசைந்து வந்தது. கரியாலூர் தாண்டியது. கல்லில் ஏறி இறங்கியது, அடி தட்டவே இல்லை. அப்பா முகத்தில் ஒரு சிரிப்பு வந்து வந்து போனது.

பாறைச் சந்தில் ஜீப் நுழைந்துவிட்டது. வண்டி நுழையவில்லை. ஜீப்காரருக்குச் சந்தின் அளவு யாரும் சொல்லவில்லை. வேகத்தை விடாமல் இழுத்ததில், தகடு கிழிகிற சத்தத்தோடு மூன்றடி உள்ளே போய் இறுகிக்கொண்டது. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. ஜீப் மேல் பக்கம் மாட்டிக்கொண்டது. அப்பா இறங்கிப் பாறையில் கை வைத்துப் பார்த்தார். கடப்பாரையால் இரண்டு போடு போட்டார். பொறி பறந்தது. பாறையில் ஒரு வெள்ளைக் கீறல் விழுந்தது. மலை மேற்கே இருப்பதால், வண்டியின் பின்வாசல் சரியாகக் கிழக்கு பார்த்து நின்றது.

மறுநாள் கீழே ரோடெல்லாம் மரம் விழுந்துவிட்டது என்று செய்தி வந்தது. பஸ் இல்லை. கீழே பெரியப்பா மரத்தைப் போட்டு மறித்தார், மேலே நாங்கள் வீட்டைப் போட்டு மறித்தோம். அந்த வாரம் ரோட்டுக்குப் போனவர்களில் சிலர் வீடு திரும்பவில்லை என்பதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஆனால் அதற்கு முன் முதல் நாள் சாயங்காலத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் மாட்டிக்கொண்ட செய்தி கேட்டு அம்மா நடந்தே இறங்கி வந்தாள். வண்டியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "லெட்டரு வரலியா?" என்றாள். அப்பா, "வந்துது" என்றார். அவள் கிழிந்த தகட்டைத் தடவிப் பார்த்தாள். மூன்று பேரும் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தோம். மழை பிடித்தது. கிழிந்த தகடு வழியாக என் படுக்கை மேலேயே கொட்டியது.

அப்போது கோணிப் பையைத் தலைக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு ஒரு அம்மாள் வந்தார். அம்மாவைவிட மூத்தவர், ஒல்லி, கையில் ஆடு ஓட்டும் கோல். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நர்சம்மா, புள்ள நனையுது. ஏன் இங்க குந்திகினு கீறீங்க? வூட்டுக்கு வாங்க."

"இருக்கட்டும்மா. நாங்க பாத்துக்கறோம்" என்றார் அப்பா.

"இன்னாத்தப் பாத்துக்குவ? இவ்ளோ இரும்ப இஸ்துகினு வந்து நடுவழியில வெச்சிருக்கிற. எங்கூட்ல எடமா இல்ல?"

அம்மா எழுந்தாள். என் புத்தகப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் ஸ்கூல்ல படுக்கலீங்க" என்றாள். "வந்த நாள்லருந்து இந்த அக்கா வூட்லதான் கீறேன். அங்கதான் சாப்புடறேன். காச்சல்ல கெடந்தப்போ எனக்குக் கஞ்சி ஊத்துனது இவங்கதான். ஒங்க அண்ணனுக்குப் பயந்து சொல்லல. வண்டி வந்தாத்தான் பொண்ண அனுப்புவீங்கன்னு நானும் வாய மூடிகினு இருந்தேன்."

அந்த அம்மாள் வேறு யாரோ வீட்டுப் பேச்சு போலப் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாம் அவருக்குக் கேட்டது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி நடந்தாள். பின்னால் அப்பா வருகிறாரா என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கொஞ்ச தூரம் போன பிறகு வந்தார், ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு.

சாணி மெழுகிய தரை, புகை ஏறிய கூரை, மூலையில் கடுக்காய் மூட்டை. சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு சாப்பிட்டார். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த ஒரு வாரம் போல் என் வாழ்க்கையில் இன்னொன்று வரவில்லை. காலையில் அம்மா பக்கத்தில் இருப்பாள். செருப்பை ஒளித்து வைக்க வேண்டியதில்லை.

ஊர் ஆட்கள் சேர்ந்து கயிறு கட்டி வண்டியைப் பின்னால் இழுத்து எடுத்து ஓரமாக நிறுத்தினார்கள். ரோடு திறந்ததும் ஜீப் கிளம்பத் தயாராக இருந்தது. என் பரீட்சைகூடத் தள்ளிப்போயிருந்தது, சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, என்னையும் கூட்டிப்போய்விடுவார் என்று அழத் தயாராக நின்றேன். அப்பா குனிந்து என் காதோரம் சொன்னார்: "நீ இரு. பெரியப்பா கேட்டா வண்டியிலதான் கீறோம்னு சொல்லு. வாசல் கிழக்க பாத்து கீதுன்னு சொல்லு. மாத்திச் சொன்னா மறுநாளே வந்து இட்டுகினு போயிடுவாரு."

சொன்னேன். ஒவ்வொரு லீவுக்கும் சொன்னேன். "உள்ள காத்து வருதா?" என்று பெரியப்பா கேட்பார். "வருது பெரியப்பா, ஜன்னல ஏத்தி வுட்டா நல்லா வருது." போகப் போக நானே ஒரு கொடியும் திரைத்துணியும் அலமாரியும் அந்த வண்டிக்குள் மாட்டிவிட்டேன். மேலே அதற்குள் ஆட்டுக்குட்டிகள் படுத்திருந்தன. நான் படுத்தது அந்த அம்மாளின் பக்கத்தில், ஒரே பாயில், இரண்டரை வருஷம். அவரைப் பெரிம்மா என்று கூப்பிட்டேன். எனக்குப் பேன் பார்த்தார், ஜுரத்துக்குப் பற்றுப் போட்டார், கணக்கில் முட்டை வாங்கியதற்கு வாத்தியாரோடு சண்டைக்குப் போனார். மலை இறங்கி பஸ் ஏறியதும் அந்தப் பெயரை வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும். கீழே பெரிம்மா என்றால் பெரியப்பாவின் சம்சாரம்.

பெரியப்பாவின் ஆட்கள் ரோட்டில் நின்று கேட்டது பிற்பாடு கிடைத்தது. அந்த ஒதுக்கீட்டில்தான் நான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன். "ஆறுக்கு எட்டுடா! அஞ்சுக்கு ஏழு போட்டிருந்தா இது நடந்திருக்குமா?" என்று அவர் கடைசி வரைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சந்தோஷத்தோடுதான் கண்ணை மூடினார். அவர் கேட்டு வாங்கியதையும் தின்றேன், அந்த அம்மாள் போட்டதையும் தின்றேன். ஒருத்தருக்கு மட்டும்தான் ஊரறிய நன்றி சொன்னேன்.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும், கரியாலூர் பஸ் கண்டக்டர் மூலம் சேதி வந்தது, மலையில் பெரிம்மா போய்விட்டார் என்று. அம்மா உடனே கிளம்பினாள். என் மாமியார், "யாரு?" என்று கேட்டார். "அம்மாவுக்குத் தெரிஞ்ச மலைக்காரம்மா" என்று சொல்லிவிட்டு, பருப்பு வேகவைக்கப் போனேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. போக வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை.

போன மாதம் அருவி பார்த்த பிறகு, "நீங்க இருந்த எடத்தையும் பாத்துட்டு வரலாமே" என்றார் என் வீட்டுக்காரர். இப்போது அதுவரை தார் ரோடு. பாறையை வெடி வைத்து எடுத்துவிட்டார்கள். எந்த இடம் என்று கண்டுபிடிக்கும் முன்பே கார் தாண்டிவிட்டது. அந்த வீடு ஓட்டு வீடாகியிருந்தது. பக்கச் சுவரில், சமையலறைக்கு வெளிச்சம் விட, ஒரு பஸ் ஜன்னலைப் பதித்திருந்தார்கள். எழுத்தில் 'கரம்' மட்டும் மிச்சம்.

அந்த அம்மாளின் மருமகளாக இருக்க வேண்டும், நாற்பது வயதுப் பெண் ஒருத்தி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "யாருங்க நீங்க? யாரு வோணும்?"

என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். முன்னெல்லாம் சொன்னதுபோல ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். நர்சம்மா பொண்ணு என்றால் போதும்.

"நான் இந்த வூட்ல வளந்தவம்மா" என்றேன். "ஒங்க மாமியாரு எனக்குப் பெரிம்மா."

அவள் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. "அப்டியா, உள்ள வாங்க, சாப்ட்டுப் போலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். என் வீட்டுக்காரர் என்னையே பார்த்தார்.

"வண்டியில இருந்தோம்னு சொல்லுவியே?"

"அந்த வண்டி பாறையத் தாண்டவே இல்லீங்க" என்றேன்.